குடியை விட்டாச்சு, சாயங்காலம் யாரோடு? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓர் அலசல்

மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பியவருக்குப் பகல் எப்படியோ ஓடிவிடும். வேலை ஆறு மணிக்கு முடிகிறது, டாஸ்மாக் கடை பத்து மணிக்குத்தான் மூடுகிறது. நடுவில் உள்ள நாலு மணி நேரம்தான் ஆளைச் சாய்க்கிறது. இத்தனை வருஷமாக அந்த நேரத்தில் கூட இருந்தவர்கள் எல்லாரும் குடிக்கிறவர்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

காரிமங்கலம் பக்கம் இருக்கும் என் தம்பி குடியை விட்டதிலிருந்து, இந்தப் பக்கத்தில் என்னென்ன வழி உண்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன். அந்த இடம் சாயங்காலத்தைத் தாங்குமா? ஒரு நாள் அவன் வராவிட்டால் யாராவது போன் போட்டு "என்னப்பா, ஆளையே காணோம்" என்று கேட்பார்களா?

முதலில் பழைய செட்டு. "குடிக்காமல் சும்மா கூட இருந்தால் என்ன" என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நம்ம ஊர் கிடா விருந்தைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். பந்தி ஒரு பக்கம் நடக்கும். மாந்தோப்புக்குப் பின்னால் ஒரு டெம்போ நிற்கும். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், இலையில் வறுத்த குடல். "மாப்ள, நீ குடிக்க வேணாம்டா, சும்மா வந்து உக்காரு" என்று கையைப் பிடித்து இழுப்பான். அவன் கெட்டவன் இல்லை, பாசத்தில்தான் கூப்பிடுகிறான். ஆனால் மூன்றாவது ரவுண்டில் அதே வாய் "ஒரு கட்டிங்தானே, என்ன ஆயிடும்" என்று சொல்லும். வராவிட்டால் தேடுவார்களா என்றால், நிச்சயம் தேடுவார்கள், பைக்கிலேயே வந்து கூட்டிப் போவார்கள். அதுதான் சிக்கல். செட்டாக அவர்களைச் சந்திப்பதை நிறுத்த வேண்டியதுதான். அதில் ஒருவன் உண்மையான நண்பன் என்றால் காலையில் டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது மாலை போடுவது. நம் இரண்டு மாவட்டத்திலும் குடியை நிறுத்த நினைக்கும் ஆண்கள் முதலில் பிடிக்கும் வழி இதுதான், அதை லேசாக நினைக்கக் கூடாது. கார்த்திகை ஒன்றாம் தேதி கழுத்தில் மாலை விழுந்த நிமிடத்திலிருந்து ஊரே அவனை "சாமி" என்று கூப்பிடுகிறது. ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நேற்றுவரை ஊற்றிக் கொடுத்தவனே பாட்டிலை மறைத்துக்கொள்கிறான். விடிகாலைக் குளியல், மாலையில் பூஜை, பஜனை, அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது என்று சாயங்காலம் முழுக்க ஆள் கூட இருக்கிறது. குருசாமி ஒருவர் மேற்பார்வையும் உண்டு. ஒரு மண்டலத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

குறை மண்டலம் முடிந்த பிறகு வருகிறது. மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போனவர்கள் கதை எந்தத் தெருவிலும் உண்டு. கூட்டம் கலைந்துவிடுகிறது, அடுத்த கார்த்திகைவரை யாரும் போன் போடுவதில்லை. அதனால் மலைக்குக் கிளம்பும் முன்பே, திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம் எங்கே என்பதை முடிவு செய்து வைக்க வேண்டும். இன்னொன்று: தினமும் நிறையக் குடித்தவர் மாலை போட்ட கையோடு சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

கோயிலில் கயிறு கட்டுவதும் சத்தியம் செய்வதும் இதே வகைதான், ஆனால் பாதி பலம். மனசுக்குக் கட்டுப்பாடு கிடைக்கும், பேச்சுத் துணை கிடைக்காது.

மூன்றாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் பிறந்தது. கட்டணம் இல்லை. முழுப்பெயர் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். புதிதாக வருபவர் மூத்த உறுப்பினர் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கை பரபரத்தால் அவருக்குப் போன் போடலாம், நாம் இரண்டு வாரம் வராவிட்டால் அவர் போடுவார். என் இரண்டாவது கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது இது ஒன்றுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏஏவும் அதில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சையும் மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குக் குறையவில்லை, பெரும்பாலும் மேலாகவே இருந்தன என்று தெரிந்தது.

நம்ம ஊரில் இரண்டு தடைகள். ஒன்று, யார் வீட்டுப் பையன் என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் சொல்லாத கூட்டம் என்றாலும் வாசலில் பைக் நின்றால் போதும். இன்னொன்று பஸ். அரூர், பென்னாகரம் பக்கத்து ஆள் சேலம்வரை கூட்டத்துக்குப் போனால் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதே கவலை. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம், அவர்கள் பாடு பரவாயில்லை. மற்றவர்கள் வாரம் ஒரு நாள் நேரில், மீதி நாள் போனில் நடக்கும் கூட்டங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கஞ்சா, மாத்திரை என்று சிக்கியவர்களுக்கு நார்கோடிக்ஸ் அனானிமஸ் தனியாக இருக்கிறது.

ஊரை விட்டே பெங்களூருக்கு வேலைக்குப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே ரூமில் ஆறு பேர், சனிக்கிழமை சம்பளம், தட்டிக்கேட்க ஆள் இல்லை. வாலிபால் மைதானம் நல்லது, ஆனால் போட்டி முடிந்த ராத்திரி எப்படிப் போகும் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

வீடு? சாயங்காலத்தைத் தாங்கும், ஆனால் மனைவியைக் காவல்காரி ஆக்கிவிடுகிறது. வாசலிலேயே வாயை முகர்ந்து பார்ப்பது, சட்டைப் பையைத் துழாவுவது என்று ஆரம்பித்தால் இருவருக்கும் நிம்மதி போய்விடும். குடிநோயாளியின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் உண்டு. என் தம்பி மனைவிக்கு வேண்டியிருந்ததும் அதுதான்: புத்திமதி சொல்லாமல் அவள் பேச்சைக் கேட்க நாலு பெண்கள்.

என் முடிவு இது: தொடங்குவதற்கு மாலை, நிலைப்பதற்கு ஏஏ, கூடவே குடிக்காத ஒரே ஒரு சொந்தக்காரர் அல்லது பக்கத்து வீட்டுக்காரர் துணை. கிடா விருந்துக்கும் எழவு வீட்டுக்கும் அவரோடு போய், சாப்பிட்டவுடன் அவரோடு திரும்பிவிட வேண்டும்.

1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். நம் இரண்டு மாவட்டங்களும் அப்போது அதற்குள்தான் இருந்தன. இன்று கடை திறந்திருக்கிறது, துணையை நாமே தேட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446க்கோ, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416க்கோ பேசலாம். இரண்டுமே கட்டணமில்லாதவை. பக்கத்தில் ஏஏ கூட்டமே இல்லை என்றாலும் சோர்ந்துவிட வேண்டாம். குடியை நிறுத்துவதற்காக இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே அதைக் குழு என்று அழைத்துக்கொள்ளலாம் என்பது அந்த அமைப்பின் வழக்கம். பென்னாகரத்தில் இரண்டு பேர், ஒரு பெஞ்சு, வாரத்தில் ஒரு நாள் ஏழு மணி என்று முடிவு செய்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்.