பழைய டிவி கேமுக்கு எந்த போர்டு வாங்கலாம்: ஜீரோ 2 டபிள்யூ, பை 3, பை 4, ஆரஞ்சு பை

ராஸ்பெர்ரி பை, ஆரஞ்சு பை எல்லாம் டிவியில் மாட்டிப் பழைய கேம் ஓட்டக்கூடிய குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாரியோ, கான்ட்ரா, சூப்பர் நின்டென்டோ, சேகா, முதல் பிளேஸ்டேஷன், இவ்வளவுதான் ஆடப் போகிறீர்கள் என்றால் ராஸ்பெர்ரி பை 5 வாங்காதீர்கள். கையில் காசு இருந்தாலும் வாங்காதீர்கள். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு ஹாலில் இப்போது ஓடுவது ஒரு பை 3 பி பிளஸ், அதுவும் செகண்ட் ஹேண்ட். மற்ற போர்டுகளை நானும் கோவையில் இருக்கும் மச்சானும் ஆளுக்கொன்றாக வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கண் வைப்பது பை ஜீரோ 2 டபிள்யூ மேல்தான். 2021 அக்டோபரில் 15 டாலருக்கு வந்தது, நான்கு கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம். ஃபேமிகாம் என்ற பழைய நின்டென்டோ பெட்டியின் சிப் ஓடியதே 1.8 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே, அதனால் அந்தக் காலத்து கேமுக்கு இந்தக் குட்டி போர்டே தாராளம், பிளேஸ்டேஷன் 1 கேம்களும் பெரும்பாலும் திக்காமல் ஓடுகின்றன. ஆனால் போர்டு விலையை மட்டும் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இதில் இருப்பது மினி ஹெச்டிஎம்ஐ, கண்ட்ரோலர் மாட்ட ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி, ஹெட்ஃபோன் ஓட்டை கிடையாது. ஆக ஒரு மினி ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர், ஒரு ஓடிஜி கேபிள், இரண்டு பேர் ஆட வேண்டும் என்றால் ஒரு யூஎஸ்பி ஹப், ஒரு பெட்டி, ஒரு அடாப்டர், ஒரு எஸ்டி கார்டு என்று கூட்டிக்கொண்டே போனால் போர்டு விலையைத் துணைச் சாமான் தாண்டிவிடும். எங்கள் பக்கத்து மொபைல் கடைகளில் மினி ஹெச்டிஎம்ஐ என்று கேட்டால் மைக்ரோவை எடுத்து நீட்டுகிறார்கள், கடைசியில் கோவைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அந்த டிக்கெட் காசையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று, 512 எம்பி என்பதால் கேம் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் வீடியோ ஓடுகிற மாதிரி பகட்டான தீம் போட்டால் மெனுவே திணறும். எளிய தீம் போட்டுக்கொண்டால் சிக்கல் இல்லை. கையடக்க கேம் பெட்டி செய்து பேட்டரியில் ஓட்டப் போகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. டிவி பக்கத்தில் வைக்கத்தான் என்றால் பை 3.

பை 3 பி பிளஸ் 2018-ல் வந்தது. முழு அளவு ஹெச்டிஎம்ஐ, நான்கு யூஎஸ்பி, அப்புறம் முக்கியமாக, அந்த 3.5 மிமீ ஓட்டை. அதில் ஒலியோடு படமும் வரும், அதாவது பழைய டப்பா டிவியின் மஞ்சள் சாக்கெட்டில் நேராகக் குத்தலாம். இதற்கு நான்கு தொடர்பு உள்ள ஏவி கேபிள் வேண்டும், எல்லாக் கேபிளும் ஒன்றல்ல. ராஸ்பெர்ரி பையில் பிளக்கின் நுனி இடது ஒலி, அடுத்த வளையம் வலது ஒலி, மூன்றாவது எர்த், அடிப்பகுதி வீடியோ. கடையில் கிடைக்கும் கேம்கோடர் கேபிள் பலவற்றில் எர்த் அடியில் இருக்கும், அதை மாட்டினால் திரையில் ஒன்றும் வராது, போர்டு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

டப்பா டிவியில் ஆடுவதன் முழு ருசிக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். ரெட்ரோபை என்ற கேம் மென்பொருளைப் போட்டுவிட்டு கான்ஃபிக் ஃபைலில் எஸ்டிடிவி மோடு (sdtv_mode) என்ற வரியில் 18 என்று கொடுங்கள். சாதாரணமாக டிவி ஒற்றை வரிகளை ஒரு தடவை, இரட்டை வரிகளை அடுத்த தடவை என்று மாற்றி மாற்றி வரையும், அதனால் எழுத்தும் மெல்லிய கோடுகளும் நடுங்கும். 18 கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் அதே வரிகளில்தான் வரையும், பழைய கேம் பெட்டிகள் செய்ததும் அதேதான். மாரியோவின் செங்கல் அசையாமல் நிற்கிறது, வரிகளுக்கு நடுவே அந்தக் கறுப்புக் கீற்று தெரிகிறது. எல்இடி டிவியில் எத்தனை ஃபில்ட்டர் போட்டாலும் இது வராது.

வேகமும் அப்படித்தான். ஃபேமிகாம் 1983-ல் ஜப்பானில் வந்தபோது நொடிக்கு 60 காட்சி. நம் நாட்டு டிவி பால் (PAL) முறை, 50 காட்சி, அதற்கென்று வந்த நகல் பெட்டிகளில் அதே கேசட் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. இப்போது எமுலேட்டரில், அதாவது பழைய பெட்டி மாதிரி நடிக்கும் மென்பொருளில், கான்ட்ராவைப் போட்டதும் என்னடா இவ்வளவு அவசரமாக ஓடுகிறான் என்று மச்சான் கேட்டது அதனால்தான். ரெட்ரோபைக்குள் இருக்கும் ரெட்ரோஆர்ச்சில், நெஸ்டோபியா அல்லது எஃப்சியூஎம்எம் என்ற எமுலேட்டரின் (அங்கே இதற்குப் பெயர் கோர்) அமைப்புக்குள் போய் ரீஜன் என்பதை டென்டி என்று மாற்றுங்கள். டென்டி ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டி. சுருதி மாறாமல் தாளம் மட்டும் தளர்ந்து, சின்ன வயதில் கேட்ட அதே பாட்டு வரும். அக்கா பையனுக்கு அந்த 60-தான் பிடித்திருக்கிறது, அவனுக்கு என்ன தெரியும்.

பை 3 பி பிளஸில் குறை சூடு. 60 டிகிரி தாண்டினாலே 1.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2-க்கு இறங்கிவிடும்படிதான் வைத்திருக்கிறார்கள். பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயில் உங்களுக்கே தெரியும், ஃபேன் காற்றே சுடுகிற மத்தியானத்தில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 60 டிகிரி ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒரு அலுமினிய ஹீட் சிங்க் ஒட்டி, பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தால் போதும், 8 பிட், 16 பிட் கேமுக்கு 1.2 கூட மிச்சம்தான்.

பை 4 நல்ல போர்டு, குறை சொல்ல முடியாது. 2019-ல் வந்தது, ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி கேம்கள் நிறைய ஓடும், பை 3 தடுமாறுகிற நின்டென்டோ 64-ம் பரவாயில்லாமல் ஓடும். அதிலும் ஏவி ஓட்டை உண்டு, ஆனால் கான்ஃபிக்கில் தனியாக இயக்கிவிட வேண்டும். ஹெச்டிஎம்ஐ இரண்டு இருந்தும் இரண்டும் மைக்ரோ. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய கையோடு ரேம் அதிகமுள்ள பை 4, பை 5 மாடல்களின் விலையை ஏற்றிவிட்டார்கள், அதனால் வாங்குவதானால் 2 ஜிபி போதும், கேமுக்கு 8 ஜிபி ஒரு வேலையும் செய்யாது. பை 5-ல் ஏவி ஓட்டையே இல்லை, அடாப்டர் 5 வோல்ட் 5 ஆம்பியர் கேட்கிறது, அது கொடுக்காவிட்டால் யூஎஸ்பிக்குப் போகும் கரண்ட்டை 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திவிடும். ரெட்ரோபையில் கார்டில் அப்படியே எழுதிக்கொள்ளும் கடைசி ஆயத்த இமேஜ் 2022-ல் வந்த 4.8, அது பை 5-க்கு முந்தியது. ரெட்ரோபை மாதிரியே இருக்கும் பாட்டோசெரா, ரீகால்பாக்ஸ் போட்டால் ஓடும்.

ஆரஞ்சு பை ஜீரோ 3 பற்றி மச்சானுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஆல்வின்னர் ஹெச்618 சிப், 1.5 கிகாஹெர்ட்ஸ், ரேம் 4 ஜிபி வரை கிடைக்கும், கேபிள் இணையத்துக்கு லேன் ஓட்டையும் உண்டு. காகிதத்தில் ஜீரோ 2 டபிள்யூவை அடித்துவிடும். ஆனால் ஏதாவது நின்றுபோனால் ராஸ்பெர்ரி பைக்கு பதில் எழுதி வைத்தவர்கள் ஆயிரம் பேர், இதற்குத் தேடினால் சீன மொழிப் பக்கம்தான் வருகிறது. ஆர்ம்பியன் என்ற லினக்ஸைப் போட்டு, அதன்மேல் ஸ்கிரிப்ட் ஓட்டி, ஒலி ஏன் வரவில்லை என்று ராத்திரி முழுக்க நோண்டுவது மச்சானுக்கு கேம் ஆடுவதைவிடப் பிடிக்கும். உங்களுக்கும் அப்படியென்றால் வாங்குங்கள்.

எந்த போர்டானாலும் அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரை ஓரத்தில் மின்னல் குறி வரும், கேம் திக்கும். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் அது வரத்தான் செய்யும். எஸ்டி கார்டு அதைவிட மோசம். பெரிய கம்பெனிப் பெயர் போட்ட போலிக் கார்டு ஒன்று ஒரு கடையில் என் தலையில் கட்டப்பட்டது, 64 ஜிபி என்று காட்டி உள்ளே எட்டைத் தாண்டவில்லை. எஃப்3 அல்லது ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய் வருவதில் கார்டு கெட்டுப்போகும், கேம்களை ஒரு பென்டிரைவில் தனியாக வையுங்கள்.

கண்ட்ரோலரில் பட்டன் எல்லாமே ஓரளவு நன்றாகத்தான் இருக்கின்றன, திசைக் கட்டையில்தான் வித்தியாசம். மலிவானதில் கீழே அழுத்தினால் கூடவே இடதும் விழும், கான்ட்ராவில் படுக்க வேண்டியவன் எழுந்து நடந்து குண்டடி படுவான். கட்டை விரலை மெதுவாக உருட்டிப் பார்த்து வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் பை 3 எடுப்பவர்கள் உங்கள் கார்டையும் அடாப்டரையும் கையோடு கொண்டுபோய், நான்கு யூஎஸ்பியிலும் கண்ட்ரோலரை மாட்டி, வைஃபை பிடிக்கிறதா, மின்னல் குறி வருகிறதா என்று பார்த்தபிறகு காசைக் கொடுங்கள். பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் வரைக்கும் ஆசை இருந்தால் இந்தப் போர்டுகள் எதுவும் வேண்டாம், ஆபீஸ்களில் இருந்து கழித்துப் போட்ட மினி பிசி ஒன்றைப் பார்த்து எடுத்து அதில் பாட்டோசெரா போடுங்கள்.