நெல்லையில் இருந்து சென்னைக்குப் பறக்க வாகைக்குளமா, மதுரையா, திருவனந்தபுரமா?

டிக்கெட் போடும்போது நம்ம ஆட்கள் முதலில் பார்ப்பது விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்பதைத்தான். சென்னைக்கு நேர்கோட்டில் மதுரையில் இருந்து சுமார் 420 கிலோமீட்டர், வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் இருந்து 530, திருவனந்தபுரத்தில் இருந்து 615. இதை மட்டும் பார்த்தால் மதுரைதான் பக்கம். ஆனால் கணக்கைப் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாகைக்குளம் 30 கிலோமீட்டர்தான். வல்லநாட்டுப் பாலத்தில் வேலை நடக்காத நாளாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். மதுரைக்கு 150 கிலோமீட்டர் பக்கம் வரும்; கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று நாலுவழிச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது, விமான நிலையமும் ஊருக்குத் தெற்கே இருப்பதால் கப்பலூர் பக்கம் திரும்பி ரிங் ரோட்டைப் பிடித்தால் டவுன் நெரிசலும் கிடையாது, ஆனாலும் ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் இரண்டரை மணி நேரம். அங்கே வானத்தில் மிச்சமாகிற கால் மணி நேரத்துக்காகத் தரையில் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்கிறோம்.

திருவனந்தபுரமும் தூரத்தில் மதுரை மாதிரிதான். நாகர்கோவில் வரை சுகம், அப்புறம் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தே போக வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல வழி, சென்னைக்கு வேண்டாம்.

சரி, வாகைக்குளத்தில் என்ன குறை? ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர்தான். ஏர்பஸ் மாதிரி ஜெட்டுக்கு அது போதாது, அதனால்தான் இத்தனை வருஷமும் ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த சின்ன விமானங்கள் ஓடின. ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும், ஏடிஆர் 500 சொச்சம். சென்னைக்கு ஏடிஆரில் ஒன்றரை மணி நேரம் ஆகும், ஜெட்டில் ஒன்றேகால் போதும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு உருண்டு போவதும் சேர்த்தி என்பதால், வித்தியாசம் நாம் நினைக்கிற அளவு பெரிதாகத் தெரியாது. இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலை 26 அன்று புது முனையத்தையும் திறந்துவிட்டார்கள். பெரிய விமானம் இறங்க இடம் வந்தாச்சு.

வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் எந்த விமானம் என்று கட்டாயம் பாருங்கள். ஏடிஆரில் ஏறுகிற வாசல் வால் பக்கம், கதவோடு சேர்ந்த குறுகலான படி. எங்கள் ஆச்சி முட்டுவலியோடு ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார்கள். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், ஆனால் ஆச்சி முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று, வாகைக்குளத்தில் விமானங்கள் குறைவு. ஒன்று ரத்தானால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருமுறை மழையில் அப்படி மாட்டி, அத்தானுடைய இன்டர்வியூவே போயிற்று. நேரம் தவறக்கூடாத காரியம் என்றால் மதுரைக்கே போங்கள், அல்லது முந்தின ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடுங்கள்.

மற்றபடி வீட்டில் இருந்து சென்னையில் பெட்டியை எடுத்து வெளியே வரும் வரை வாகைக்குளம் வழி நாலு மணி நேரம், மதுரை வழி ஐந்தரை, வந்தே பாரத்தில் ரயிலுக்குள் மட்டும் எட்டு மணி நேரத்தை ஒட்டி. தென்காசிக்காரர்களுக்கும் மதுரையைவிட வாகைக்குளம்தான் பக்கம், 85 கிலோமீட்டர் சுமார்.