"சரி" என்று பொய் சொல்லும் பேலட் அலைனர்: மூன்றரை வருட அனுபவம்

போன வாரம் எங்கள் பேலட் அலைனரின், அதாவது சரக்கு அடுக்கிய பேலட்டைக் கன்வேயரின் நடுவில் நேராக நிறுத்தும் மெஷினின், காற்றுச் சிலிண்டருக்கு சீல் மாற்றினோம். வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வேறொரு தொழிற்சாலையில் பராமரிப்பு பார்க்கும் நண்பர் அழைத்தார். "உங்க லைன்ல ஓடுற அதே அலைனரைத்தான் எங்களுக்கும் கொடுக்கறேன்னு சொல்றாங்க. எப்படி இருக்கு, வாங்கலாமா?" கிரீஸ் கையோடு போனைப் பிடித்தபடி நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் கழித்து, கொஞ்சம் நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் மெஷின் என்று கேட்காதீர்கள். சொல்லப் போவதெல்லாம் இந்த வகை அலைனர் எதற்கும் பொருந்தும்.

ரோலர் கன்வேயரில் பேலட் வரும், ஸ்டாப்பர் மேலே எழும்பி அதை நிறுத்தும், இரண்டு பக்கமும் உள்ள கைகள் மூடி பேலட்டை நடுவுக்குக் கொண்டுவரும். இது தெரிந்தவர்களுக்கான பதிவு என்பதால் அடிப்படையை இதோடு விடுகிறேன். எங்களிடம் ஓடுவது 1200 × 1000 மி.மீ. மரப் பேலட், மேலே மூட்டைகள், மொத்தம் ஒரு டன்னுக்கு முன்னே பின்னே. கன்வேயர் வேகம் நிமிடத்துக்கு 12 மீட்டர். அலைனரைத் தாண்டியதும் அளவு சோதிக்கும் கேட். எந்தப் பக்கமாவது 25 மி.மீ.க்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கேட் பேலட்டைத் தனி லைனுக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து ஃபோர்க்லிஃப்ட் வந்து எடுத்து, மறுபடி லைன் தொடக்கத்தில் வைக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனது வராது. இதன் இரண்டு கைகளையும் ஒரே சிலிண்டர்தான் இயக்குகிறது. நடுவில் ரேக்–பினியன் (பல்சட்டமும் பல்சக்கரமும்) இருப்பதால் இடது கை எவ்வளவு வந்ததோ வலது கையும் அவ்வளவே வரும். பக்கத்துக்கு ஒரு சிலிண்டர் வைத்து, காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வைத் திருகித் திருகி இரண்டையும் ஒன்றாக ஓடவைக்கப் பார்க்கும் மெஷின்களோடு முன்பு மாரடித்திருக்கிறேன். காற்றழுத்தம் கொஞ்சம் மாறினாலே ஒன்று முந்தும், பேலட் நடுவை விட்டு நகரும். இதில் அந்தத் தலைவலி ஒரு நாள்கூட வந்ததில்லை. மூன்றரை வருடத்தில் பினியனில் ஒரு பல்கூடத் தேயவில்லை. இந்த அமைப்பை வரைந்தவரைப் பார்த்தால் கை கொடுப்பேன்.

அதே ஆள்தான் கைகளின் முனையில் உள்ள தகட்டையும் வரைந்தார் என்றால், கொடுத்த கையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வருடம் முழுக்க எங்கள் பிரச்சினை வேறு. கனமான பேலட் வந்தால் கைகள் மூடும், பாதியில் நின்றுவிடும், திரையில் "சீரமைப்பு நேரம் கடந்தது" என்று வரும், சைரன் அடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் எளிது. சிலிண்டர் 63 மி.மீ. விட்டம். 6 பார் காற்றழுத்தத்தில் அது தள்ளும் விசை சுமார் 190 கிலோ. எல்லா மெஷினும் ஒரே சமயத்தில் காற்றை இழுத்து லைன் அழுத்தம் 4.5 பாருக்கு இறங்கினால் சுமார் 143 கிலோதான். ஒரு டன் பேலட், மரத்துக்கும் எஃகு ரோலருக்கும் உராய்வு 0.35 என்று வைத்தாலும், நின்றுகொண்டிருக்கும் அதைப் பக்கவாட்டில் நகர்த்த 350 கிலோ வேண்டும். கிட்டத்தட்ட பாதி பலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது இந்தப் பிள்ளை. பெரிய சிலிண்டர் போடலாம் என்று எழுதிக்கூடக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் லைனை இயக்கும் கணினியான பிஎல்சியில் ஒரு டைமரை மாற்றும்போது தப்பான இடத்தில் 2 வினாடியைப் போட்டுவிட்டேன். வழக்கமாக பேலட் ஸ்டாப்பரில் முட்டியதும் ரோலர் நின்றுவிடும், அதன் பிறகே கைகள் மூடும். அன்று ரோலர் ஓடிக்கொண்டே இருந்தது, கைகள் மூடின. நாள் முழுக்க அடம்பிடித்த கனமான பேலட், சோப்பு போட்ட தரையில் வழுக்குவதுபோல நடுவுக்கு வந்து நின்றது. நானும் ஆபரேட்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி செய்து பார்த்தோம். மறுபடியும் அப்படியே.

யோசித்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. இறுகிப்போன ஆணியை நேராக இழுத்தால் வராது, திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும் அல்லவா, அதே சங்கதி. உராய்வு எப்போதும் வழுக்கும் திசைக்கு எதிராகத்தான் பிடிக்கும். ரோலர் பேலட்டுக்கு அடியில் வினாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டிருக்கும்போது, உராய்வின் பிடி பெரும்பகுதி அந்தத் திசையிலேயே செலவாகிவிடுகிறது. அந்தப் பக்கம் ஸ்டாப்பர் தாங்கிக்கொள்கிறது. கை பக்கவாட்டில் 0.05 மீட்டர் வேகத்தில் தள்ளினால், குறுக்கே எதிர்ப்பது மொத்த உராய்வில் கால் பங்குதான். 350 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 85 கிலோ போதும். 4.5 பாரிலும் காரியம் நடக்கும்.

இந்த மெஷினால் எனக்குக் கிடைத்த சந்தோஷம் இது ஒன்றுதான், அதுவும் என் கைத்தவறால் வந்தது. மெஷினோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இலவசமும் இல்லை, சொல்லிவிடுகிறேன். அப்படி ஓடும்போது ரோலர் மோட்டார் இழுப்பது சுமார் 0.7 கிலோவாட். எங்களுடையது 0.75 மோட்டார், கிட்டத்தட்ட முழுச்சுமை. அதனால் ஒன்றரை வினாடிக்கு மேல் ஓடவிடுவதில்லை. பேலட்டின் அடிக்கட்டை தேய்ந்து மரத்தூள் உதிர்கிறது, ஸ்டாப்பரின் முகத்தகட்டை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். பெரிய சிலிண்டரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

சைரன் குறைந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அளவு கேட்டில் திருப்பி அனுப்பப்படும் பேலட்டுகள் குறையவில்லை. அலைனர் பச்சை விளக்கு காட்டி "சரி" என்று அனுப்பும், ஆறு மீட்டர் தள்ளி கேட் "சரியில்லை" என்று தள்ளும். எல்லாமே தள்ளப்பட்டால் காரணத்தைப் பிடித்துவிடலாம். ஒன்று போகும், ஒன்று போகாது. கேட்டின் சென்சாரைத் துடைத்தோம், மாற்றினோம், இடம் மாற்றினோம். கடைசியில் பழி வழக்கமான இடத்தில் போய் விழுந்தது: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கோணலாக வைக்கிறார். அவர் பாவம், "நான் நேராத்தான் வைக்கறேன் அண்ணா, நடுவுல எங்கயோ திரும்புது" என்று பலமுறை சொன்னார். நாங்கள் கேட்டால்தானே.

ஒரு நாள் மதியம் அவர் வைத்த பேலட் ஒன்றின் கூடவே லைன் நெடுக நடந்தேன். அவர் வைத்தபோது நேராகத்தான் இருந்தது. பேலட்டின் போக்கை 90 டிகிரி மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபரில் செயின் கீழே இறங்கி பேலட்டை ரோலரில் விடும் இடத்தில் ஒரு பக்கம் முதலில் உட்கார்ந்தது. உட்கார்ந்த பக்கத்தை ஓடும் ரோலர் பிடித்து இழுத்தது, மறுபக்கம் இன்னும் செயின் மேலேயே இருந்தது. பேலட் லேசாகத் திரும்பிக்கொண்டது. டிரான்ஸ்ஃபரின் ஒரு முனை 3 மி.மீ. உயரம். ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துச் சரிசெய்தோம், ஓட்டுநரிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

இருந்தாலும் கேள்வி பாக்கி இருந்தது. கோணல் எங்கிருந்து வந்தால் என்ன, அதை நேராக்கத்தானே அலைனர்? நேராக்காமல் "சரி" என்று ஏன் சொல்கிறது?

இப்போது அந்தத் தகடு. கையின் முனையில் பேலட்டைத் தொடும் தகட்டின் நீளம் 400 மி.மீ. பேலட்டின் நீளம் 1200. தகடு பேலட்டின் நடுப்பகுதியை மட்டும் பிடிக்கிறது. பேலட் 2 டிகிரி கோணலாக இருக்கிறது என்று வையுங்கள். 400 மி.மீ. தகடுகள் இரண்டும் அதை அணைத்துப் பிடித்தால் நடுவில் உள்ள இடைவெளி சுமார் 1015 மி.மீ. வரும். பேலட்டுகளின் அகலம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் கை எவ்வளவு மூடியிருக்கிறது என்று சொல்லும் சிலிண்டரின் ரீட் சுவிட்ச் 1015 வரை "மூடியாயிற்று" என்று ஏற்றுக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருந்தது. கை மூடியது, சுவிட்ச் சிக்னல் கொடுத்தது, பச்சை விளக்கு வந்தது. பேலட் அதே 2 டிகிரி கோணலில் ஹாயாகக் கிளம்பிப் போனது. 2 டிகிரியில் மூலைகள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 20 மி.மீ. வெளியே நீளும். மூட்டை உப்பியிருந்து இன்னும் 6 மி.மீ. சேர்ந்தால் கேட் தள்ளும், உப்பாவிட்டால் விடும். ஒன்று போய் ஒன்று போகாததன் ரகசியம் இதுதான்.

இந்த மெஷின் மேல் என் கோபம் முழுக்க இங்கேதான். அது தன் கையைத்தான் பார்க்கிறது. பேலட்டைப் பார்ப்பதே இல்லை. "நான் மூடிவிட்டேன்" என்பதை "பேலட் நேராகிவிட்டது" என்று மொழிபெயர்த்து மேலே அனுப்புகிறது. வேலை செய்யாத மெஷினைக்கூட மன்னிக்கலாம், அது நின்றாவது காட்டிக்கொடுக்கும். இது செய்ததாகச் சொல்லிவிட்டு வேறு ஆளை மாட்டிவிடுகிறது.

தகட்டை 1000 மி.மீ. ஆக்கினோம். பின்னால் 50 × 50 சதுரக் குழாய் வைத்து வெல்டு செய்தோம், இல்லாவிட்டால் வளைந்துவிடும். உயரத்தை மட்டும் கவனமாக, பேலட் மரத்துக்குள்ளேயே வைத்தோம். தகடு மேலே ஏறினால் மூட்டையைத் தள்ளும், அது வேறு கதை. இப்போது 2 டிகிரி கோணல் வந்தால் தகடுகளுக்கு நடுவில் 1035 மி.மீ. இருக்கும். சுவிட்ச் சிக்னல் கொடுக்காது, கை தொடர்ந்து தள்ளும். தள்ளும் இடமும் நடுவிலிருந்து தூரத்தில் இருப்பதால் பேலட் சுலபமாகத் திரும்புகிறது, அதிலும் கீழே ரோலர் ஓடும்போது. கேட்டில் தள்ளப்படும் பேலட் இப்போது ஷிஃப்டுக்கு ஒன்றோ இரண்டோ, அவையும் பலகை உடைந்தவை.

நம்பிக்கை போய்விட்டதால் இன்னொன்றும் செய்தேன். அலைனருக்கு அடுத்து, ரோலர்களுக்கு இடையிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் இரண்டு சென்சார், 900 மி.மீ. இடைவெளியில், இடது வலது அடிக்கட்டைகளுக்கு நேர் கீழே. இரண்டும் பேலட்டின் முன்முனையை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். 0.1 வினாடி வித்தியாசம் என்றால் 20 மி.மீ., அதாவது ஒரு டிகிரிக்குச் சற்று மேல். இரண்டு சென்சார், பிஎல்சியில் நாலு வரி. மெஷினைச் செய்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை? குறையும் உண்டு. மரத்தூள் லென்ஸில் விழுகிறது, ஷிஃப்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். அடிக்கட்டை முனை உடைந்த பேலட்டைக் கோணல் என்று தப்பாகச் சொல்லும். சொல்லட்டும், உடைந்த பேலட்டை நிறுத்துவதும் நல்லதுதான்.

சீல் விஷயத்தில் மெஷின் மேல் குற்றம் இல்லை. மூன்றரை வருடம் உழைத்தது, அதுவும் ஏர் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை நாங்கள் சரியாக வடிக்காத லட்சணத்தில். ஆனால் மாற்றப்போகும் ஆள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெயின் காற்றை மூடினால் மட்டும் போதாது. வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்று அடைபட்டுக் கிடக்கும். எங்கள் ஆள் பைப்பைக் கழற்றியதும் கை ஒரு சாண் தூரம் துள்ளியது. அந்த இடத்தில் விரல் இருந்திருந்தால் இந்தப் பதிவின் தொனியே வேறாக இருந்திருக்கும். அடைபட்ட காற்றையும் வெளியேற்றிவிட்டே கை வையுங்கள்.

கடைசியாக அந்த ரீசெட் பட்டன். அலாரம் வந்தால் பேலட்டைப் பார்க்க வேண்டியது லைனின் இந்தப் பக்கம், ரீசெட் அடிக்க வேண்டியது அந்தப் பக்கத்துப் பேனலில். லைனைத் தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டு படியேறி இறங்கித்தான் போக வேண்டும். எண்ணிப் பார்த்திருக்கிறேன், 62 அடி வைக்க வேண்டும். போய்ப் பார்த்தால் பேலட் பெரிதாகிவிட்டதா, காற்று குறைவா, பலகை நீட்டிக்கொண்டிருக்கிறதா, எதுவானாலும் திரையில் அதே ஒரு வரி: "சீரமைப்பு நேரம் கடந்தது".

நண்பரிடம் நேற்று மறுபடி பேசினேன். இதில் உள்ளதையெல்லாம் சொன்னேன். தகட்டை நீட்டி, ரோலரை ஓடவிட்டு, இரண்டு சென்சார் போட்டால் இதைவிட உறுதியான அலைனர் கிடைக்காது, ரேக்–பினியன் அப்படி என்றேன். "அப்ப வாங்கலாம்ங்கறீங்க" என்றார். வேண்டாம் என்றேன்.

"இப்பத்தானே நல்லா ஓடுதுன்னு சொன்னீங்க?"

ஓடுகிறதுதான். ஆனால் அது நன்றாக ஓடுவதற்கு நாங்கள் செய்ததெல்லாம் அவர்கள் செய்திருக்க வேண்டியது, அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தோம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சரி, தகடு எத்தனை மில்லிமீட்டர்னு சொன்னீங்க, எழுதிக்கறேன்" என்றார். வாங்கப் போகிறார் என்று புரிந்தது. ஆயிரம் என்றேன். ரீசெட் பட்டனை இரண்டு பக்கமும் கேட்டு வாங்குங்கள் என்றும் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் இங்கே சைரன் அடித்தது. போனை வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.