நெருக்கடியான மேடையில் டிராம்போன்: திருப்புவதா, குறுக்குவதா, வால்வுக்கு மாறுவதா?

மேடையில் இடம் போதாவிட்டால் சாக்ஸ் வாசிப்பவர் முழங்கையை ஒடுக்கிக்கொள்வார். டிரம்பெட் வாசிப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார். டிராம்போன்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. பி பிளாட் டெனார் டிராம்போனில் ஸ்லைடு, அதாவது ஸ்வரம் மாற்ற முன்னும் பின்னும் இழுக்கும் குழாய், தன் ஏழு நிலைகளில் (பொசிஷன்) முதலாவதிலிருந்து ஏழாவதுக்குப் போக ஏறக்குறைய 57 செ.மீ. வேண்டும். அதுவும் மூடியிருக்கும்போதே முகத்துக்கு முன்னால் நீளும் குழாய்க்கு மேற்கொண்டு. போதாக்குறைக்கு, இடது தோளைத் தாண்டிப் பின்பக்கம், சுருதி சேர்க்கும் டியூனிங் ஸ்லைடின் வளைவு ஒரு சாண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மேடை போடுகிறவர்கள் இந்தப் பின்பக்கக் கணக்கைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பின்வரிசைக்காரரின் நோட்டேஷன் ஸ்டாண்டில் போய் 'டங்' என்று இடிக்கும்போதுதான் எல்லோருக்கும் உறைக்கிறது.

நல்ல வேளையாக, இந்த இடம் முழுவதும் ஒரே கோட்டில்தான் வேண்டும். பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரும் அகலம் போதும். ஆக நமக்கு இருப்பது மூன்று வழி: அந்தக் கோட்டைத் திருப்புவது, அதைக் குறுக்குவது, கோடே வேண்டாம் என்று கருவியை மாற்றுவது. இதே வரிசையில் முயல வேண்டும் என்பது என் கட்சி. பலர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

திருப்புவது

எல்லோர் கையும் முதலில் போவது கருவியை மேலே தூக்குவதற்குத்தான். முன்வரிசையின் தலைகள் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் தலையை நிமிர்த்தாமல் கருவியை மட்டும் தூக்கினால் மவுத்பீஸ் உதட்டில் உட்காரும் கோணமே மாறிவிடும். தலையையும் சேர்த்து நிமிர்த்தினால் நோட்டேஷன் கண்ணுக்குத் தப்பும். ஒரு பாட்டுக்குச் சமாளிக்கலாம், நிகழ்ச்சி முழுக்க இடது மணிக்கட்டு தாங்காது. கீழே சாய்ப்பது இதைவிட மோசம். பெல், அதாவது கருவியின் அகன்ற வாய், நேராக ஸ்டாண்டுக்குள் ஊதும். நீங்கள் என்ன வாசித்தாலும் அந்தத் தகட்டுக்கு மட்டும்தான் நன்றாகக் கேட்கும்.

மேலே கீழே என்று அலைவதை விட்டு, கிடைமட்டத்தில் திருப்புங்கள். முன்வரிசை நாற்காலிக்கு நேர் பின்னால் உட்காராமல், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே உள்ள சந்துக்கு நேராக உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஸ்லைடு அந்தச் சந்துக்குள் போய் வரும். சந்தும் இல்லையென்றால் டிராம்போன் வரிசை முழுவதும் ஒரே பக்கமாக, ஒரே கோணத்தில் சாய்ந்து உட்காரலாம். 'ஒரே கோணம்' என்பது இங்கே முக்கியம். ஆளுக்கொரு பக்கம் திரும்பினால் ஸ்லைடுகள் ஒன்றையொன்று வெட்டும். ஸ்லைடின் வெளிக்குழாயில் சின்ன நசுங்கல் விழுந்தாலும் ஸ்லைடு சிக்கிச் சிக்கி ஓடத் தொடங்கிவிடும். அதற்கு மேல் வாசிப்பு பழுதுபார்ப்பவர் கையில்தான்.

மேடைக்குள் இன்னொரு சின்ன மேடை போட்டு உயர்த்துவதும் உண்டு. போதிய உயரம் இருந்தால் இதைவிடச் சுகமான வழி இல்லை. அரைகுறை உயரம்தான் ஆபத்து. சமதளத்தில் முன்னாலிருப்பவரின் தோளருகே போகும் ஸ்லைடு, ஒரு சாண் உயர்த்தியதும் சரியாகப் பின்மண்டையைப் பதம் பார்க்கும்.

நியூ ஆர்லியன்ஸின் பழைய ஜாஸ் குழுக்கள் வண்டியில் ஏறி வாசித்துக்கொண்டே தெருவில் போகும்போது டிராம்போன்காரரை வண்டியின் பின்பலகை ஓரமாக உட்கார வைத்தார்கள், ஸ்லைடு வெளியே நீளட்டும் என்று. டிராம்போன் கலைஞர் கிட் ஓரியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'டெயில்கேட்' (பின்பலகை) பாணிக்கு அப்படித்தான் பெயர் வந்தது. கோட்டைத் திறந்த பக்கம் பார்த்துத் திருப்புவது அவ்வளவு பழைய வழி.

குறுக்குவது

திருப்பியும் போதவில்லையா? அப்போது நோட்டேஷனைப் பாருங்கள். பேஸ் கிளெஃபில், அதாவது கீழ்ஸ்தாயிக்கான ஐந்துகோட்டு நோட்டேஷனில், நடுக்கோட்டு டி பிளாட்டிலிருந்து மேலே எந்த ஸ்வரத்துக்கும் ஐந்தாவது பொசிஷனைத் தாண்டத் தேவையில்லை. ஐந்தாவது என்றால் ஏறக்குறைய 36 செ.மீ.தான், ஏழாவதோடு ஒப்பிட்டால் ஒரு சாண் மிச்சம். அதனால் மேல்ஸ்தாயியிலேயே சுற்றும் முதல் டிராம்போனை நெருக்கமான இடத்தில் உட்கார வைத்து, கீழே இறங்குகிறவர்களுக்கு வரிசையின் ஓரத்தைக் கொடுக்கலாம். காசில்லாத தீர்வு. ஆனால் 'என் நாற்காலி இதுதான்' என்ற கௌரவப் பிரச்சினை குறுக்கே வரும். அதை நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

அடுத்தது எஃப் டிரிகர், கட்டைவிரலால் அழுத்தினால் கூடுதல் குழாயைச் சேர்க்கும் வால்வு. சாதாரணமாக ஆறாவதில் வரும், கோடுகளுக்கு நடுவே கீழிருந்து இரண்டாவது இடைவெளியில் எழுதும் 'சி', டிரிகரை அழுத்தினால் முதல் பொசிஷனிலேயே கிடைக்கும். ஏழாவதில் வரும் இரண்டாம் கோட்டு 'பி'க்கு 57 செ.மீ. நீட்டுவதற்குப் பதில் 11 செ.மீ. போதும். ஐந்து கோடுகளுக்கும் கீழே உள்ள எஃப், ஈ இரண்டுக்கும் இதே கணக்கு. நெருக்கடியான இடங்களில் அடிக்கடி வாசிக்கிறவர் ஒரு கருவிக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால், என் ஓட்டு இதற்கே. குறைகளும் உண்டு: கருவி கனக்கும், டிரிகர் அழுத்தும்போது பொசிஷன்களின் இடைவெளி அகலும், ஏழுக்குப் பதில் ஆறுதான் கிடைக்கும். நான்காம் கோட்டு எஃப்பிலிருந்து 'பி' வரை வழுக்கி இறங்கும் கிளிசாண்டோ எழுதியிருந்தால் டிரிகர் கைகொடுக்காது, முழு நீளம் வேண்டும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எழுந்து நின்று திரும்பி வாசித்துவிட்டு உட்காருங்கள். பார்ப்பவர்கள் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துக் கைதட்டுவார்கள்.

கருவியையே மாற்றுவது

வால்வு டிராம்போன் ஏப்பைசாப்பையான கருவி அல்ல. டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் யுவான் டிசோல் வாசித்தது அதைத்தான். இன்னொரு ஜாஸ் கலைஞர் பாப் புரூக்மேயர் வாசித்ததும் அதையே. விரலால் அழுத்தும் மூன்று வால்வு, ஸ்லைடு ஓட்டமே இல்லை, வேகமான பத்திகளில் ஒவ்வொரு ஸ்வரமும் வெட்டினாற்போல விழும். மவுத்பீஸும் பழையதையே போட்டுக்கொள்ளலாம். இடப் பிரச்சினைக்கு இதைவிட முழுமையான தீர்வு இல்லை.

ஆனால் ஊதினால் காற்று சற்று அடைத்தாற்போல இருக்கும். முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால் சுருதி சற்று ஏறிவிடும், மூன்று வால்வையும் சேர்த்தால் இன்னும் ஏறும். ஸ்லைடில் கை தன்னால் சரிசெய்யும் விலகலை இங்கே உதடு சரிசெய்ய வேண்டியிருக்கும். கிளிசாண்டோ, ஸ்லைடின் அந்த மெல்லிய அதிர்வு, இரண்டையும் மறந்துவிட வேண்டியதுதான். விரல் பழக்கம் வேறு புதிதாக வர வேண்டும். டிரம்பெட்டோ யூஃபோனியமோ போன்ற வால்வுக் கருவி ஏற்கெனவே தெரிந்தவருக்கு இது ஒரு பொருட்டல்ல. ஸ்லைடு மட்டுமே தெரிந்தவர் அடுத்த வார நிகழ்ச்சிக்காக இதை வாங்குவது வீண் சிரமம். வருடம் முழுக்க நாடக மேடைக்கு முன்னுள்ள ஒரே இசைக்குழிக்குள் உட்கார்ந்து நாடக இசை வாசிப்பவர், எழுதியிருப்பதில் கிளிசாண்டோவும் இல்லை என்றால், யோசிக்காமல் வாங்கலாம்.