எர்ஸ்கின் மே இணையப் பதிப்பு: தேடும் முறை தெரிந்தால் பொக்கிஷம்

பிரிட்டிஷ் நாடாளுமன்ற நடைமுறை பற்றி எழுதுபவர்களும் அரசியல் சாசனச் சட்டம் படிப்பவர்களும் கட்டாயம் புக்மார்க் செய்துவைக்க வேண்டிய தளம் இது. அந்த நடைமுறைக்கு ஆதார நூலாக மதிக்கப்படும் எர்ஸ்கின் மே நூலின் 25ஆம் பதிப்பு 2019 ஜூலையிலிருந்து அந்த நாடாளுமன்றத்தின் இணையதளத்திலேயே முழுமையாக, இலவசமாகக் கிடைக்கிறது.

இதன் அருமை புரிய அதே ஆண்டு மார்ச் 18க்குப் போக வேண்டும். சபாநாயகர் ஜான் பெர்கோ 24ஆம் பதிப்பின் 397ஆம் பக்கத்தைச் சுட்டிக்காட்டி, தோற்றுப்போன பிரெக்ஸிட் ஒப்பந்தத்தையே பெரிய மாற்றமின்றி அதே கூட்டத்தொடரில் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார். 1604 ஏப்ரல் 2 வரை வேர் ஓடும் வழக்கம் அது. நாடே பேசிய அந்தப் பக்கத்தைப் படிக்க அன்று விலை கூடிய அச்சுப்பிரதியோ பெரிய நூலகமோ வேண்டியிருந்தது. இப்போது 20.12 என்ற பத்தி எண் போதும்.

நூலை எழுதியவர் பேராசிரியரோ அரசியல்வாதியோ அல்ல, சபை ஊழியர். தாமஸ் எர்ஸ்கின் மே 1831இல், 16 வயதில், காமன்ஸ் சபை (நாடாளுமன்றத்தின் கீழவை) நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்தார். 1834 தீயில் பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையோடு சபையின் ஆவணங்களில் பெரும்பகுதியும் எரிந்தது. சரியாகப் பத்தாண்டு கழித்து, 1844இல் முதல் பதிப்பு வந்தது. 1856இல் துணைச் செயலர், 1871 முதல் 1886 வரை தலைமைச் செயலர் என உயர்ந்தார். பணியில் இருந்தபடியே நூலை ஒன்பது பதிப்பு வரை திருத்திக்கொண்டே இருந்தார். 1886 மே மாதம் பிரபுப் பட்டம் கிடைத்தது, ஒரு வாரத்துக்குள் காலமானார். இன்றும் பதிப்பாசிரியர்கள் சபைச் செயலர்கள்தான்; 25ஆம் பதிப்பு டேவிட் நாட்ஸ்லர், மார்க் ஹட்டன் இருவரின் உழைப்பு. அதனால்தான் நூலின் குரல் "இப்படிச் செய்ய வேண்டும்" என்று போதிப்பதில்லை. இன்ன நாளில் இப்படி நடந்தது, சபாநாயகர் இப்படித் தீர்ப்பளித்தார் என்று பதிவு செய்கிறது.

பலர் சறுக்குவது தேடலில். செய்தித்தாள் சொல்லைத் தட்டினால் முக்கியமான பத்தி கையில் சிக்காமல் போகலாம், ஏனென்றால் நூல் பேசுவது செயலரின் மொழி. விவாதத்துக்கு நேரக்கெடு வைப்பதை ஊடகங்கள் 'கில்லட்டின்' என்கின்றன. அதன் முறைப்படியான பெயர் 'அலொகேஷன் ஆஃப் டைம் ஆர்டர்'. ஆகவே முதலில் சொல்லடைவுக்குப் போங்கள். அங்கே சரியான கலைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்திக்கு வாருங்கள், பிறகு முன்னும் பின்னும் இரண்டு பத்தி படியுங்கள். விதி ஒரு பத்தியிலும் விதிவிலக்கு அடுத்ததிலும் இருப்பது சகஜம்.

அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள், நூலின் உயிர் அங்கேதான். சி.ஜே. என்றால் காமன்ஸ் சபையின் ஜர்னல், அதாவது சபை நடவடிக்கைகளின் அதிகாரப்பூர்வப் பதிவேடு; எல்.ஜே. என்றால் பிரபுக்கள் சபையுடையது. எச்.சி. டெப் என்பது ஹன்சார்டு, அதாவது காமன்ஸ் சபை விவாதங்களின் பதிவு: அடைப்புக்குறிக்குள் கூட்டத்தொடர் ஆண்டு, அடுத்து தொகுதி எண், சி என்ற எழுத்துக்குப் பின் பத்தித்தூண் எண். இந்த மூன்றும் இருந்தால் மூல விவாதத்தையே எடுத்துப் படித்துவிடலாம்.

மேற்கோள் காட்டும்போது பதிப்பு எண்ணை விடவே கூடாது. 24ஆம் பதிப்புவரை பக்க எண், 25இல் பத்தி எண். பழைய தீர்ப்பில் பார்த்த பக்க எண்ணை வைத்துக்கொண்டு இந்தத் தளத்தில் தேடினால் எதுவும் அகப்படாது.

இந்திய வாசகர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நம் சாசனத்தின் 105(3), 194(3) பிரிவுகள் முதலில் எழுதப்பட்டபடி, சட்டம் இயற்றப்படும்வரை நம் அவைகளின் சிறப்புரிமை என்பது சாசனம் தொடங்கிய நாளில் காமன்ஸ் சபைக்கு இருந்த சிறப்புரிமை. 1978இன் 44ஆம் திருத்தம் காமன்ஸ் சபையின் பெயரை எடுத்தது, உள்ளடக்கத்தை மாற்றவில்லை. எனவே உரிமைமீறல் வழக்குக்குத் தேவை 1950 ஜனவரி 26 அன்றைய நிலை. அதற்கு 1946இல் வந்த 14ஆம் பதிப்பையோ 1950இல் வந்த 15ஆம் பதிப்பையோ நூலகத்தில் தேடுங்கள். மக்களவையின் அன்றாட நடைமுறைக்கு அதன் சொந்த விதிகளும் இந்திய நாடாளுமன்ற நடைமுறை பற்றிய கவுல்–சக்தர் நூலும் இருக்கின்றன. இந்தத் தளத்தை அங்கே ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.