லிங்கன் கையெழுத்துன்னு சொல்லி 3,800 டாலர் ஏமாத்திட்டாங்க, பழைய டாக்குமென்ட் வாங்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

இன்னும் ஆத்திரம் அடங்கல, அதனால கோர்வையா வரலைன்னா பொறுத்துக்கோங்க. 3,800 டாலர். ஆபிரகாம் லிங்கன் கைப்பட கையெழுத்துப் போட்ட நிலப் பட்டான்னு சொல்லி ஒரு கடைக்காரர் என் தலையில கட்டினது, லிங்கன் கண்ணாலகூட பார்த்திருக்க மாட்டாத ஒரு டாக்குமென்ட். இதை எழுதறதுக்கு ஒரே காரணம், இங்க அமெரிக்காவுல நம்ம ஆளுங்க நிறைய பேரு இப்ப இந்த ஹாபிக்குள்ள வர்றாங்க, அடுத்து மாட்டப்போறது யாருன்னு தெரியல. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசில விவரமா எழுதறேன்.

கடை பேரு போடல. வக்கீல்கிட்ட பேசிட்டிருக்கேன், இப்போதைக்கு பேரு எழுதாதீங்கன்னு சொல்லிட்டாரு. பென்சில்வேனியாவுல டூரிஸ்ட் கூட்டம் வர்ற ஒரு ஊரு, உள்நாட்டுப் போர் காலத்து சாமான், பழைய லெட்டர், ஜனாதிபதிங்க ஆட்டோகிராஃப் எல்லாம் ஃப்ரேம் போட்டு மாட்டி விக்கற கடை. வெப்சைட்டும் வெச்சிருக்காங்க. அவ்வளவு போதும்.

நான் இதுக்குப் புதுசு இல்லைங்க. நியூ ஜெர்சி வந்ததுலேர்ந்து சேர்க்கறேன். ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட புத்தகம் இருக்கு, அந்த மனுஷன் புத்தகக் கடைகள்ல மணிக்கணக்கா உக்காந்து போட்டுக் குடுத்தவரு, அதனால ஈஸியா கிடைக்கும். ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்ட கார்டு ஒண்ணு இருக்கு. கென்னடி பக்கம் போகவே மாட்டேன், ஏன்னா அவரு ஆஃபீஸ்ல ஆட்டோபென்னு கையெழுத்தை அப்படியே காப்பி அடிச்சுப் போடற மெஷின் வெச்சு போட்டது பாதி, செக்ரட்டரிங்க போட்டது பாதி, அவரே போட்டதும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. 1990கள்ல லாரன்ஸ் குசாக்னு ஒருத்தர் கென்னடி எழுதினதுன்னு போலிக் கடுதாசி பண்ணி மில்லியன் கணக்குல வித்துட்டு ஜெயிலுக்குப் போனாரு, 1963லதான் வந்த ஜிப் கோடு (நம்ம ஊரு பின்கோடு மாதிரி) அதுக்கு முந்தின தேதி போட்ட லெட்டர்ல டைப் ஆகியிருந்துச்சு, அதெல்லாம் சேர்ந்துதான் குட்டு உடைஞ்சுது. இதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சவன் நான். எனக்கே இப்படி பண்ணியிருக்காங்கன்னா எவ்வளவு பழகின கைன்னு பாருங்க.

லிங்கன் மேல எனக்கு இருக்கற மதிப்பு வேற. ஸ்கூல்ல படிக்கும்போதே அவரு வாழ்க்கை வரலாறு மனப்பாடம். அவரு பேனா பட்ட ஒரு காகிதம் வீட்ல இருக்கணும்னு ரொம்ப வருஷ ஆசை, ஆனா லெட்டர் எல்லாம் நம்ம கைக்கு எட்டற விலையே இல்ல. ராணுவ அதிகாரிங்களுக்குக் குடுத்த கமிஷன், அதாவது பதவி நியமனப் பத்திரம், மேல கழுகு படம் போட்டு கீழ லிங்கனும் போர்ச் செயலர் ஸ்டான்டனும் கையெழுத்துப் போட்டிருப்பாங்க, அதுவே பல ஆயிரம் டாலர். அதனால இந்தக் கடை வெப்சைட்ல "லிங்கன் கையொப்பமிட்ட நிலப் பட்டா, 1862, 4,200 டாலர்"னு பார்த்ததும் நேரா போய் பார்த்துடலாம்னு பையனையும் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன்.

கடைக்காரர் வயசானவர். டை கட்டி, மெதுவா பேசி, பார்த்தா ரிட்டயர்டு வாத்தியார் மாதிரி. வந்ததும் விக்கற பேச்சே எடுக்கல. பையன்கிட்ட எந்த கிளாஸ், ஹிஸ்டரி பிடிக்குமான்னு கேட்டாரு, லிங்கனோட கெட்டிஸ்பர்க் பேச்சு தெரியுமான்னாரு, அவன் "ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன் இயர்ஸ் அகோ"ன்னு ஆரம்பிச்சதும் அவரும் கூடவே சொன்னாரு. ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லி முடிச்சாங்க. அந்த நிமிஷம்தான் நான் அவரை முழுசா நம்பினது. அப்புறம்தான் உள்ள போய் ஃப்ரேமை ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்தாரு. "இதை நான் வெளிய மாட்டறதில்ல, மதிப்பு தெரிஞ்ச குடும்பத்துக்குப் போகட்டும்னு வெச்சிருந்தேன்"னாரு. லென்ஸை எடுத்து பையன் கையில குடுத்து இங்க் எப்படி பழுப்பாகியிருக்குன்னு பாருன்னாரு. எல்லாமே உண்மையாத்தான் இருந்துச்சு. உண்மையான பார்ச்மென்ட் (தோல்ல பண்ற அந்தக் காலத்துக் காகிதம்), உண்மையான பழைய இங்க், விஸ்கான்சின்ல 160 ஏக்கர், 1855ஆம் வருஷ சட்டப்படி சிப்பாய்க்குக் குடுத்த நிலம், "ஆபிரகாம் லிங்கன்"னு முழுப்பேரு. லிங்கன் லெட்டர்ல "ஏ. லிங்கன்"னு சுருக்கிப் போடுவாரு, அரசாங்க டாக்குமென்ட்லதான் முழுப்பேரு போடுவாருன்னு எனக்குத் தெரியும், அதுவும் ஒத்துப்போச்சு.

ஃப்ரேமுக்குள்ள நீலக் கலர்ல மேட் போர்டு, அதான் டாக்குமென்ட்டைச் சுத்தி நடுவுல ஜன்னல் வெட்டி வைக்கற அட்டை, போட்டிருந்தாங்க. அதோட ஜன்னல் லிங்கன் பேருக்கு ஒட்டி கீழயே முடியுது. ஏன் இவ்வளவு இறுக்கமா வெட்டியிருக்குன்னு நான் வாய்விட்டே கேட்டேன். அடிப்பக்கம் பூரா ஈரம் பட்டு கறை புடிச்சிருக்கு, அதை மறைக்கத்தான், அந்தக் கறையாலதான் விலையே இவ்வளவு கம்மின்னாரு. பிரிச்சுக் காட்ட முடியுமான்னும் கேட்டேங்க. பின்னாடி சீல் பண்ணியிருக்கு, பிரிச்சா பார்ச்மென்ட் சுருங்கிடும்னாரு. கிரெடிட் கார்டுன்னா 4,200, பேங்க் ட்ரான்ஸ்ஃபர் பண்ணா 3,800னு சொல்லி குறைச்சாரு. அங்கயே ஃபோன்லேர்ந்து அனுப்பிட்டேன். தங்கக் கலர் ஸ்டிக்கர் ஒட்டின சர்டிஃபிகேட், "வாழ்நாள் உத்தரவாதம்", பையனுக்கு ஒரு லிங்கன் பென்னி இலவசம்.

வீட்ல மாட்டற இடத்துல வெயில் வரும், அதனால யூவி கண்ணாடி போட்டுடலாம்னு பக்கத்துல ஃப்ரேம் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க வேலை பார்க்கற பொண்ணு பின்பக்க பேப்பரைக் கத்தியால கிழிச்சு, ஆணி எடுத்து, மேட்டை மெதுவா தூக்கினாங்க. கறையே இல்ல. அடிப்பக்கம் அவ்வளவு சுத்தமா இருக்கு. லிங்கன் பேருக்கு நேர் கீழ, இங்கிலீஷ்ல அச்சடிச்ச "பை" (By, இன்னார் மூலமான்னு அர்த்தம்)ங்கற வார்த்தைக்குப் பக்கத்துல, "டபிள்யூ. ஓ. ஸ்டாடர்ட்", அதுக்கப்புறம் "செக்ரட்டரி". அதுக்குக் கீழ நில அலுவலகப் பதிவு அதிகாரி (ரெக்கார்டர்) கையெழுத்து. ஸ்டாடர்ட் பேரும் லிங்கன் பேரும் ஒரே இங்க், ஒரே சாய்வு, ஒரே கை. குழந்தைகூட சொல்லிடும். அந்த ஒரு வரியை மறைக்கறதுக்காகத்தான் அந்த மேட்டை அளந்து வெட்டியிருக்காங்க.

விஷயம் இதுதான், எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க. ஆரம்பத்துல நிலப் பட்டா எல்லாத்துலயும் ஜனாதிபதியே கையெழுத்துப் போடணும். மேடிசன், மன்றோ எல்லாம் போட்டிருக்காங்க, அதனாலதான் மன்றோ பட்டா இன்னிக்கும் ஓரளவு நியாயமான விலைக்குக் கிடைக்குது. மேற்கு பக்கம் நிலம் விக்க விக்க பட்டா மலை மாதிரி குவிஞ்சு, ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்துல, 1833 மார்ச்ல, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுச்சு, ஜனாதிபதி பேருல பட்டாவுல கையெழுத்துப் போட தனியா ஒரு செக்ரட்டரி வெச்சுக்கலாம்னு. அதுக்கப்புறம் வந்த பட்டாவுல ஜனாதிபதி பேரை எழுதினது செக்ரட்டரிதான். வான் பியூரன், போல்க், லிங்கன், கிராண்ட், யாரு பேரு இருந்தாலும் சரி. வில்லியம் ஸ்டாடர்டுக்கு லிங்கன் வெள்ளை மாளிகையில குடுத்த பதவியே இந்த வேலைக்குத்தான். போர் நடந்துட்டிருக்கற நேரம், லிங்கன் உக்காந்து விஸ்கான்சின் பட்டாவுக்கு கையெழுத்துப் போட்டுட்டிருப்பாரா? இது இந்த வியாபாரத்துல இருக்கற எல்லாருக்கும் பால பாடம். அந்த ஆளுக்குத் தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல.

அதைவிட வயித்தெரிச்சல், இந்தப் பழைய பட்டா எல்லாம் மத்திய அரசோட நில மேலாண்மை அலுவலகம் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல இலவசமா வெச்சிருக்கு. மாநிலம், நிலம் வாங்கினவர் பேரு போட்டா ரெக்கார்டு புத்தகத்துல இருக்கற காப்பி வருது. என் பட்டாவும் வந்துச்சு, அதுலயும் அந்த செக்ரட்டரி வரி அப்படியே இருக்கு.

உடனே கடைக்கு ஃபோன் பண்ணேன். அவரு ஒரு ஷோவுக்குப் போயிருக்காரு, வந்ததும் கூப்பிடுவாருன்னாங்க. கூப்பிடல. மறுபடி பண்ணா வேற ஒரு அம்மா எடுத்து, ஈமெயில் அனுப்புங்கன்னாங்க. ஃபோட்டோ எல்லாம் வெச்சு அனுப்பினேன். ரொம்ப நாள் கழிச்சு பதில் வருது, படிச்சதும் ரத்தம் கொதிச்சுது: நாங்க குடுத்த உத்தரவாதம் போலிக்குத்தான், இது போலி இல்லையே, 1862ல அமெரிக்க அரசாங்கம் குடுத்த ஒரிஜினல், சர்டிஃபிகேட்ல "ஆபிரகாம் லிங்கன் பேரில் கையொப்பமிடப்பட்டது"ன்னுதான் இருக்கு, அவரே கைப்பட போட்டாருன்னு நாங்க எங்கயும் எழுதலையே. வெப்சைட்ல எழுதியிருந்தீங்களேன்னு பார்த்தா அந்தப் பக்கத்தையே தூக்கிட்டாங்க. கறைன்னு சொன்னீங்களே, கறை எங்கன்னு கேட்டேன். அதுக்கு பதிலே இல்ல.

கடைசியா அந்த ஆளே லைன்ல வந்தாரு. அதே மெதுவான குரல். "ஃப்ரேமைப் பிரிச்சுட்டீங்க, இனிமே ரிட்டர்ன் எடுக்க முடியாது, வேணும்னா நல்லெண்ணத்துக்கு 250 டாலருக்கு நானே வாங்கிக்கறேன்"னாரு. 3,800 டாலர் வாங்கிட்டு 250. அப்ப அதோட நிஜ விலை என்னன்னு அவருக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும், இல்லையா? என் பையன் கூட சேர்ந்து அந்தப் பேச்சை சொன்ன வாயி இதே வாயிதானேன்னு கேட்கணும்னு இருந்துச்சு, ஃபோனை வெச்சுட்டாரு.

பேங்க்ல கேட்டா, நீங்களே அனுப்பின பணம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒரே வரி. கார்டுல போட்டிருந்தா டிஸ்ப்யூட் போட்டிருக்கலாமாம். கார்டு வேண்டாம்னு 400 டாலர் குறைச்சது எதுக்குன்னு இப்ப புரியுதா உங்களுக்கு? மாநில அட்டர்னி ஜெனரல் ஆஃபீஸ்ல நுகர்வோர் புகார் குடுத்திருக்கேன், நம்பர் குடுத்திருக்காங்க, அவ்வளவுதான்.

நேத்து ராத்திரி தூக்கம் வராம அவங்க வெப்சைட்டைப் பார்த்தேன். மார்ட்டின் வான் பியூரன் ஒண்ணு, யுலிசிஸ் கிராண்ட் ஒண்ணு, ரெண்டும் நிலப் பட்டா, ரெண்டுக்கும் அதே நீல மேட், பேருக்கு ஒட்டி கீழ அதே வெட்டு. யாரோ ஒருத்தர் தன் புள்ளைக்கு வாங்கித் தரணும்னு காசு சேர்த்துட்டு வரப்போறாங்க. அதைப் பார்த்தப்புறம்தான் இதை எழுத உக்காந்தேன்.

சரி, விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப எழுதற மனநிலையில இல்ல. முக்கியமானது மட்டும். 1833 மார்ச்சுக்கு அப்புறம் தேதி போட்ட நிலப் பட்டாவை ஜனாதிபதி கையெழுத்துன்னு யாரு வித்தாலும் வாங்காதீங்க, ஹிஸ்டரிக்காக வேணும்னா அதுக்குண்டான சின்ன விலைக்கு வாங்குங்க. ஃப்ரேம் போட்டதை பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. கடைக்காரரே அடிச்சுக் குடுக்கற சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பே கிடையாது. "கைப்பட கையெழுத்திட்டது"ன்னு பில்லுல எழுதி வாங்குங்க. கார்டுல மட்டும் பணம் குடுங்க. வெப்சைட் பக்கத்தை வாங்கறதுக்கு முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, என்கிட்ட அது இல்லாததுதான் இப்ப பெரிய தலைவலி.

பென்சில்வேனியாவுல இந்த மாதிரி புகார் குடுத்து பணம் திரும்ப வாங்கினவங்க யாராவது இருந்தா, வக்கீல் வழியா போனீங்களா, ஸ்மால் கிளெய்ம்ஸ் மாதிரி சின்ன கோர்ட்டுக்கு நேரா போனீங்களான்னு சொல்லுங்க. 3,800 டாலர்ங்க, சும்மா விடறதா இல்ல.