மாஸ்கோவில் ஒரு நீர்மூழ்கி: துஷினோ கடற்படை அருங்காட்சியகம்

மாஸ்கோ போகிறவர்கள் பெரும்பாலும் செஞ்சதுக்கத்தையும் மெட்ரோ நிலையங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நகரின் வடமேற்கே துஷினோ பகுதியில், கிம்கி நீர்த்தேக்கத்தின் கரையில், நிஜமான போர் நீர்மூழ்கி ஒன்று முழு உருவத்தோடு நிற்பது பலருக்குத் தெரியாது. பெயர் பி-396, 'நவசிபீர்ஸ்கி கம்சமோலெத்ஸ்'. ரஷ்யக் கடற்படையின் வரலாற்று அருங்காட்சியகமாக 2006-இல் திறந்தார்கள். வணிகக் கப்பல்களில் இன்ஜின் ரூமிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் மாஸ்கோவில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் இங்கே போக வேண்டும் என்று நின்றேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரங்களில் ஆர்வம் உள்ள எவரும் தவறவிடக் கூடாத இடம் இது. ஆனால் விசாகப்பட்டினம் கடற்கரையில் இருக்கும் நம் பழைய நீர்மூழ்கி குர்சுராவைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால்தான் இதன் முழு மதிப்பும் புரியும்.

கடலே இல்லாத ஊருக்கு நீர்மூழ்கி எப்படி வந்தது? ஆறுகளும் கால்வாய்களும்தான் வழி. வெள்ளைக் கடல், பால்டிக், காஸ்பியன், அசோவ், கருங்கடல் ஆகிய ஐந்தோடும் மாஸ்கோவுக்கு நீர்வழித் தொடர்பு உண்டு. இந்தக் கப்பல் பிறந்ததும் கடற்கரையில் இல்லை. வோல்கா நதிக்கரையில், அன்றைக்கு கோர்க்கி என்று அழைக்கப்பட்ட நீஷ்னி நோவ்கரத் நகரின் கிராஸ்னயே சோர்மவா தளத்தில் கட்டினார்கள். அங்கிருந்து உள்நாட்டு நீர்வழியில் வடக்கே போய், 1980-இல் வடக்குக் கடற்படையில் சேர்ந்தது. பணி முடிந்த பிறகு செவெரோத்வின்ஸ்கில் அருங்காட்சியகமாக மாற்றி, மறுபடியும் நீர்வழியாகவே மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இது 641பி வகை. மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ வைத்த பெயர் டேங்கோ. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலுமாக மொத்தம் 18 கட்டினார்கள். நீளம் ஏறக்குறைய 90 மீட்டர். முன்புறம் டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாயும் வெடிகுண்டு, ஏவும் குழாய்கள் ஆறு. 24 டார்பிடோக்கள் வரை ஏற்றலாம். உடலின் மேல் ரப்பர் பூச்சு இருக்கிறது. நீருக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க எதிரி அனுப்பும் சோனார் ஒலியை விழுங்கிக்கொள்வதற்காக ஒட்டியது. வெளியில் நின்று பார்க்கும்போதே இதற்கு முந்தைய 641 வகையைவிட மழமழவென்று இருப்பது தெரியும்.

உள்ளே ஏழு பகுதிகள். டார்பிடோ அறை, அதிகாரிகளின் கேபின்கள், நடுவில் கட்டுப்பாட்டு அறை என்று வரிசையாகப் போகும். கேப்டனின் கேபின் நம் ரயில் பெட்டியின் இரண்டு பெர்த் கூப்பே அளவுக்கு இருந்தால் அதிகம். மாலுமிகள் உடையில் பொம்மைகளை அங்கங்கே நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அவை பிடிக்கவில்லை. கண்ணை வால்வுகளிலிருந்தும் கேஜ்களிலிருந்தும் திருப்பிவிடுகின்றன. குழந்தைகளுக்குப் பிடிக்கலாம்.

"ஏம்ப்பா, இதுக்குள்ள எழுபத்தெட்டு பேரா?" என்று மகள் கேட்டாள். ஆமாம், 78 பேர். அதுவும் கரையே பார்க்காமல் மாதக்கணக்கில். அவள் மருத்துவ மாணவி என்பதால் காற்று, தூக்கம், தொற்றுநோய் என்று கேள்விகளை அடுக்கினாள். எல்லாமே சரியான கேள்விகள். மூழ்கியிருக்கும்போது கப்பலை ஓட்டும் ஈய-அமில பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். அதே பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். டீசல் நீர்மூழ்கியில் வேலை செய்தவர்கள் எல்லோருமே இந்த இரண்டு பயங்களின் மேல்தான் படுத்துத் தூங்கினார்கள். அந்த பேட்டரிகள் தரைக்குக் கீழேதான் இருக்கும் என்று அவளுக்குக் காட்டிச் சொன்னேன்.

ஐந்தாவது பகுதியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அங்கேதான் மூன்று டீசல் இன்ஜின்களும் இருக்கின்றன. நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல்களில் மெயின் இன்ஜின் மூன்று மாடி உயரம் நிற்கும். சுற்றிலும் ஏணியும் நடைமேடையும் இருக்கும். இங்கே மூன்று இன்ஜின்களைப் பக்கம் பக்கமாக அடைத்து, நடுவில் ஆள் உடம்பைத் திருப்பி நகர்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சூட்டிலும் சத்தத்திலும் ஒரு இன்ஜக்டரை மாற்ற வேண்டி வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்த கைகளுக்கு என் வணக்கம்.

அடுத்த பகுதியில் மின்மோட்டார்கள். ப்ரொப்பல்லரைச் சுழற்றும் தண்டுகள், அதாவது ஷாஃப்ட், மூன்று; ப்ரொப்பல்லரும் மூன்று. மேலே மிதக்கும்போதோ, ஸ்நார்க்கல் குழாயை நீட்டிக் காற்று இழுக்கும்போதோதான் டீசல் ஓடும். முழுக்க மூழ்கிவிட்டால் பேட்டரியும் மோட்டாரும்தான். ஸ்நார்க்கலின் வாயை அலை மூடினால் வால்வு அடைத்துக்கொள்ளும். டீசல்களோ உடனே நிற்காது. கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சும், எல்லோருக்கும் காது வலிக்கும். இந்த விஷயத்தை எழுதி வைத்த பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பலகைகளில் இருப்பது ரஷ்ய மொழி. மகள் படித்துச் சொன்னாள், மற்றதை நான் இயந்திரத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். ரஷ்ய மொழி தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது.

இந்த அருங்காட்சியகத்தோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. பார்வையாளர்கள் சுலபமாக நடப்பதற்காகக் கப்பலின் உடலில் புதிய நுழைவாயில் வெட்டியிருக்கிறார்கள். உள்ளேயும் பகுதிகளைப் பிரிக்கும் தடுப்புச்சுவரான பல்க்ஹெட்டில், ஹாட்ச் என்ற வட்டக் கதவுக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நடக்கிற மாதிரி வழி திறந்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கு இது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பகுதியில் வெள்ளம் புகுந்தால் அடுத்ததைக் காப்பாற்றுவது அந்த வட்ட ஹாட்ச்தான். அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போகிறவருக்கு நீர்மூழ்கியின் அடிப்படையே கை நழுவிப் போகிறது. முடிந்தவர்கள் தயவுசெய்து அந்த வட்டத்துக்குள் காலை முதலில் விட்டு நுழைந்தே போங்கள்.

இங்கேதான் குர்சுரா நினைவுக்கு வருகிறது. அது இதற்கு முந்தைய 641 வகை, நேட்டோ பெயரில் ஃபாக்ஸ்ட்ராட். 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்றது. சோவியத் ஒன்றியத்திடமிருந்து இந்தியா வாங்கிய எட்டு ஃபாக்ஸ்ட்ராட்களில் ஒன்று. அதில் முன்னால் ஆறு, பின்னால் நான்கு என்று பத்து டார்பிடோ குழாய்கள். டேங்கோவில் பின்பக்கக் குழாய்களை எடுத்துவிட்டு, உடலைப் பெருக்கி, பேட்டரித் திறனைக் கூட்டி, முன்புறம் பெரிய சோனார் வைத்தார்கள். அதற்கடுத்து வந்ததுதான் கிலோ வகை. அதில் ஒரே ஷாஃப்ட். டீசல்கள் மின்சாரம் தயாரிக்க மட்டும். நம் சிந்துகோஷ் வரிசைக் கப்பல்கள் அவைதான். அதன் மேம்பட்ட வடிவங்கள் இன்றைக்கும் ரஷ்யாவின் கருங்கடல், பசிபிக் கடற்படைகளில் கலிபர் ஏவுகணையோடு ஓடுகின்றன. ஃபாக்ஸ்ட்ராட்டிலிருந்து கிலோவுக்குப் போகும் வழியில் நடுவில் நிற்கும் கப்பலுக்குள் நடந்து பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம்.

இயந்திரம் என்று பார்த்தால் மாஸ்கோ ஒரு படி மேலே. விளக்கிச் சொல்வதில் விசாகப்பட்டினத்தைத் தாண்ட முடியாது. அங்கே வழிகாட்டுகிறவர்கள் ஓய்வு பெற்ற கடற்படையினர். ஒரு வால்வைத் தொட்டுக் காட்டி, இதை எப்போது திறப்போம், ஏன் திறப்போம் என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் உறுதியை எந்தப் பலகையும் தராது.

நீர்மூழ்கியோடு திரும்பிவிடாதீர்கள். அதே வளாகத்தில் 'ஓர்ல்யோனக்' நிற்கிறது. எக்ரனோபிளான் என்ற வகை. நீர்ப்பரப்புக்குச் சில மீட்டர் மேலே, இறக்கைக்கும் தண்ணீருக்கும் இடையில் அழுந்தும் காற்றின் மேலேயே பறப்பது. 58 மீட்டர் நீளம், 140 டன் எடை, மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகம். காஸ்பியன் கடலில் வீரர்களையும் கவச வண்டிகளையும் கரையிறக்குவதற்காகக் கட்டினார்கள். மூக்குப் பகுதி முழுவதும் கதவு மாதிரி பக்கவாட்டில் திரும்பும். மூக்கில் இருக்கும் இரண்டு ஜெட் இன்ஜின்கள் கிளம்பும்போது இறக்கைக்கு அடியில் காற்றைத் தள்ளும். கிளம்பிய பிறகு வால் உச்சியில் இருக்கும் ஒற்றை டர்போப்ராப், அதாவது ப்ரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைன் இன்ஜின்தான் வேலை செய்யும்.

அந்த டர்போப்ராப் என்கே-12. 15,000 குதிரைத்திறன் வகை, எதிரெதிராகச் சுழலும் இரண்டு ப்ரொப்பல்லர்கள். நான் அரக்கோணத்துக்காரன். அங்கே இருக்கும் நம் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமான தளத்திலிருந்து டியூ-142 என்ற ரஷ்யக் கடல் கண்காணிப்பு விமானங்கள் 1992 முதல் 2017 மார்ச் வரை பறந்தன. ஒவ்வொன்றிலும் இதே குடும்பத்து இன்ஜின்கள் நான்கு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்ட ஓசை அது. வீட்டு ஜன்னல் அதிரும். அந்த இன்ஜினைத் தூக்கி ஒரு படகின் வாலில் வைத்திருப்பதைப் பார்த்ததும் மகளிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

இதை வடிவமைத்த ரஸ்திஸ்லாவ் அலெக்ஸேயெவ் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு சோதனை ஓட்டத்தில் இந்த வகை வாகனத்தின் பின்பகுதி, வால் இன்ஜினோடு சேர்ந்து பிய்ந்து விழுந்தது. உள்ளே இருந்த அலெக்ஸேயெவ் தானே கட்டுப்பாட்டை எடுத்து, மூக்கு இன்ஜின்களை மட்டும் வைத்துக் கரை சேர்த்தார். அதற்குப் பிறகு அவரைத் தலைமை வடிவமைப்பாளர் பதவியிலிருந்து இறக்கினார்கள். எத்தனை தடவை நினைத்தாலும் மனம் ஆறாத அநியாயம்.

பக்கத்தில் 'ஸ்காத்' என்ற சிறிய ஹோவர்கிராஃப்ட், அதாவது காற்று மெத்தையின் மேல் ஓடும் படகு ஒன்றும் உண்டு. பார்க்கலாம், அவ்வளவுதான்.

மெட்ரோவில் ஊதா நிறப் பாதையில் ஸ்ஹோத்னென்ஸ்கயா நிலையத்தில் இறங்கி, பூங்காவழியாக நடந்தோ பஸ் பிடித்தோ போகலாம். வெளியில் இருப்பவற்றைப் பார்க்க நிறைய நேரம் திறந்தவெளியில் நிற்க வேண்டும் என்பதால் குளிர்காலத்தைவிட மே முதல் செப்டம்பர் வரை நல்லது. நீர்மூழ்கிக்குள் முதுகுப் பையோடு போகாதீர்கள், குழாய்களில் இடிக்கும். வழிகாட்டியோடு போகும் குழு டீசல் பகுதியை வேகமாகக் கடந்துவிடும். தனியாகப் போய் அங்கே நிதானமாக நில்லுங்கள். இந்தியாவில் இருக்கிறவர்கள் அதற்கு முன்னால் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்கு ஒரு ரயில் பிடியுங்கள்: குர்சுராவுக்கு எதிரிலேயே ஒரு டியூ-142 விமானமும் நிற்கிறது. அரக்கோணத்திலிருந்து போனதுதான் அது.